ஐந்து கோடு போட்ட சாவி

என் அருமை வாலுப் பெண்ணுக்கு, அப்பாவின் வாய் சொல்ல இன்னொரு கை எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாம் சுகம், அது மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அங்கே உங்கள் நான்கு பேருடைய சுகத்தையும் அறிய ஆசை. நான்கு என்று எண்ணித்தான் சொன்னேன், எழுதுகிற கையும் தயங்காமல் நான்கு என்றே எழுதியது. கையெழுத்தைப் பார்த்ததுமே நீ நாற்காலியை விட்டு எழுந்திருப்பாய். உட்கார், எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற உன் பழைய புத்தி வேண்டாம்.

முழங்கால் காரணமாகக் கடையைக் காலையில் மட்டும் திறக்கிறேன். எதிரில் எழும்பிய புதுக் கட்டடத்தில் சாவியே கிடையாதாம், அட்டையைக் காட்டினால் கதவு திறக்குமாம். உங்க பிழைப்பு போச்சே என்று மருந்துக்கடைக்காரர் துக்கம் விசாரித்தார். போன வாரம் கரண்டு போனபோது அந்தக் கட்டடத்துக்காரர்கள் பதினோரு பேர் கையில் அட்டையோடு என் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒருவரிடம் அட்டையை வாங்கி விசிறிக்கொண்டே என்ன செய்யலாம் என்று யோசித்தேன். மருந்துக்கடைக்காரரைக் குறை சொல்லக் கூடாது, ஒரு வருஷமாக என் கடிதங்களை எழுதித் தந்த நல்ல மனுஷன். ஆனால் அது மாத்திரை உறையில் எழுதிப் பழகிய கை. நான் அரை மணி நேரம் சொல்வதை நான்கு வரியில் அடக்கிவிடுவார். அம்மா நலம், நான் நலம், வெயில் அதிகம், சாப்பாட்டுக்குப் பின் என்றுதான் உனக்கு வந்து சேர்ந்திருக்கும்.

அவர் எழுத நேர்ந்த கதை உனக்குத் தெரிந்ததுதான். போன வருஷம் உன் கடிதத்தை அம்மாதான் எனக்கு வாசித்துக் காட்டினாள். நீ, பஸ் ஓட்டுகிற மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற இன்னொருவர், மூன்று பேரும் ஒரே குடும்பமாக வாழ்கிறோம், மூன்று பேருக்கும் எல்லாம் தெரியும், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, குட்டி இரண்டு பேரையும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். வந்தால் எல்லோரும் சேர்ந்து வருவோம், ஒருவரை விட்டுவிட்டு வரச் சொன்னால் யாரும் வரமாட்டோம், அம்மாவே சொல்லட்டும் என்றும் எழுதியிருந்தாய். அம்மா அதை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள், பேனாவையும் கூடவே வைத்துவிட்டாள். அதன்பிறகு போனில் உன்னிடம் மழையைப் பற்றியும் குட்டியின் பல்லைப் பற்றியும் தவிர ஒரு வார்த்தை கிடையாது. நீ இந்த வாசலை மிதித்து ஆறு வருஷம். குட்டிக்கு இரண்டு வயதாகிறது, அவள் எத்தனை கனம் என்று என் கைக்குத் தெரியாது. இதைத்தான் நான் ஒவ்வொரு மாதமும் மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன், அவர் அதை வெயில் அதிகம் என்று எழுதினார்.

நாற்பத்தாறு வருஷம் சாவி வெட்டியவன் நான். படிப்பு இல்லை, ஆனால் ஒரு சாவியின் பல்லை ஒரு தடவை பார்த்தால் எந்தக் கதவு என்று இன்றைக்கும் சொல்வேன். இந்தத் தெருவில் மரியாதைக்குப் பேர்போன ஒருவர், ஆள் யார் என்று கேட்காதே, ஒரு மழை நாளில் சாவி ஒன்றை நீட்டி, அத்தை வீட்டுச் சாவி, இன்னொன்று வேண்டும் என்றார். அந்தப் பூட்டை மாட்டியவனே நான்தான், அந்த வீட்டில் அத்தையும் இல்லை சித்தியும் இல்லை. அதே வாரம் அவர் மனைவி வந்து அவருடைய மேசை இழுப்பறைக்குச் சாவி கேட்டார். இரண்டையும் வெட்டிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இப்படி ஒளித்து வைக்கிற சாவிகளாகவே ஒரு வாளி நிறைய வெட்டியிருப்பேன். என் மகள் ஒருத்திதான் முன்வாசலில் நின்று, நாங்கள் இத்தனை பேர், உள்ளே வரலாமா என்று கேட்டாள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு பேரும் ஒரே அலமாரியில்தான் சட்டை மாட்டுகிறார்களா, குப்பையைக் கீழே கொண்டுபோவது யார் முறை, இதிலெல்லாம் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஆனால் கேட்டவளை வெளியே நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தேன், செய்த விதம்தான் தப்பு. வீட்டுக்கு உறவாக வருகிறவருக்கு நானே வாசல் சாவி வெட்டித் தருவது நம் வழக்கம். எழுத்துத் தெரியாததால் பெயருக்குப் பதில் அரத்தால் கோடு போடுவேன், எனக்கு ஒன்று, அம்மாவுக்கு இரண்டு, உனக்கு மூன்று, பெரிய மாப்பிள்ளைக்கு நான்கு. ஐந்து கோடு போட்டு ஒன்று வெட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. பூட்டோடு வந்த ஒரிஜினல் சாவி அம்மாவின் கைப்பையில் இருக்கிறது, கேட்டால் எதற்கு என்பாள். ஆகவே முப்பது வருஷமாக என் பையில் கிடந்து தேய்ந்த என் சாவியை வைத்தே வெட்டினேன். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டாதீர்கள், தேய்மானமும் சேர்ந்து வரும் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னவன் நான். போன செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா காய்கறி வாங்கப் போன நேரத்தில் வெளியே நின்று சோதித்துப் பார்த்தேன். பூட்டியது, திறக்க மறுத்தது. அந்த நேரம் பார்த்து அம்மா இரண்டு பையோடு படியேறி வருகிறாள். பதற்றத்தில் ஒரு முறுக்கு முறுக்கினேன், பாதி சாவி பூட்டுக்குள், பாதி என் கையில். என் கருவிப்பெட்டியும் கடைச் சாவியும் வீட்டுக்குள்.

பூட்டுக்காரன் தன் வீட்டுக்கு வெளியே நிற்கிறான் என்றால் தெரு சும்மா இருக்குமா. மாடிவீட்டு அம்மாள் இறங்கி வந்து, நல்ல பூட்டுக்காரரா யாரையாவது கூப்பிடட்டுமா என்றார். மருந்துக்கடைக்காரர் ஒரு சின்ன இடுக்கியைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார். அம்மா உருளைக்கிழங்குப் பையைப் படியில் வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து என் கையிலிருந்த பாதியை வாங்கிப் பார்த்தாள். விரலால் கோட்டை எண்ணினாள். ஒரு தடவை எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்காம் புதுச் சாவி என்று மாடிவீட்டு அம்மாள் கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை, அம்மா வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இவள் தலையைக் குனிந்துகொண்டால் நீ இனி இந்த வீட்டுக்கு வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்து, "எங்க சின்ன மாப்பிள்ளைக்கு" என்றாள். நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவளும் மூணு வருஷம் மறைச்சா, சின்னவரை வாடகைக்கு இருக்கிறவர்னு சொன்னா. எனக்கு அதுதான் ஆறல. இப்ப நீங்களும் மறைக்கிறீங்க. பெரியவருக்கு ஒரிஜினலைப் பார்த்து வெட்டுனீங்கல்ல, இவருக்கு மட்டும் ஏன் தேஞ்ச சாவி?" கைப்பையைத் திறந்து ஒரிஜினலை என் மடியில் போட்டாள். மாடிவீட்டு அம்மாள், சின்னவருக்கு என்ன வேலை என்று கேட்டார். நர்ஸ் என்றதும், அப்படியானால் வரும்போது என் காலைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். இங்கே இனி கதவு திறக்கத்தான் தாமதம், அவருக்கு வேலை காத்திருக்கிறது.

உடைந்த துண்டை எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே வந்ததும் அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து பேனாவை வெளியே எடுத்தாள், இனிமேல் என் பெண்ணுக்கு மருந்துக்கடைக்காரர் எழுத வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள் என்றாள். அந்தக் கைதான் இது. படியில் உட்கார்ந்திருந்தபோது அவள் கண் கலங்கியது என்று சொன்னேன், எழுத மறுக்கிறாள், உருளைக்கிழங்குப் பையின் தூசி என்று எழுதச் சொல்கிறாள். இரண்டையும் எழுதிவிட்டாள், நீயே எது என்று எடுத்துக்கொள்.

இனி என் கவலை. எந்தப் படிவத்திலும் அப்பா பெயருக்கு ஒரு கோடுதான் போட்டிருப்பார்கள் என்று அம்மா சொல்கிறாள். நாளைக்கு உனக்கோ குட்டிக்கோ உடம்புக்கு வந்தால், பேர் எழுதப்படாதவரை வாசலில் நிறுத்திவிடுவார்கள். நல்ல வக்கீலைப் பார்த்து அவர் பேருக்கும் என்ன காகிதம் எழுத முடியுமோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சோம்பல் வேண்டாம். இருவருக்குள் சண்டை என்றால் மூன்றாவது ஆள் பத்து நிமிஷம் பால் வாங்கப் போய்விடுவது நல்லது, மத்தியஸ்தம் வேண்டாம். பெரிய மாப்பிள்ளை விடியும் முன் வண்டி எடுப்பவர், ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல். அவருக்கு இங்கே ஒரு குறையும் வராது, அவர் இடம் அவருக்கு, இவர் இடம் இவருக்கு. குட்டி யார் ஜாடை என்று கேட்பவர்களுக்கு நான் இப்போதே பதில் தயார் செய்துவிட்டேன், மூக்கு என்னுடையது, மீதியைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை.

அம்மாவின் வார்த்தைக்காகக் காத்திருந்தாய் அல்லவா, இதோ அவளே எழுதுகிறாள், எல்லோரும் வாருங்கள். பின்அறையில் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டிருக்கிறோம், போதாவிட்டால் இங்கே வந்து சண்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒரிஜினலைப் பார்த்து வெட்டிய புதுச் சாவி கதவுப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. தபாலில் அனுப்பமாட்டேன், வழக்கப்படி வாசலில் நின்று அவர் கையில் கொடுப்பேன், அவரே திறந்து உள்ளே வரட்டும். குட்டிக்கு இப்போது சாவி கிடையாது, அவள் மணியை அடிக்கட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும்.

உங்கள் நான்கு பேருக்கும் எங்கள் ஆசி, வாயும் வயிறும் மனசும் நிறைந்து இருங்கள். உன் பழைய சாவியைத் தேடி எடுத்து வை, தொலைத்திருந்தால் இப்போதே சொல். போன வருஷத்துக் கடிதங்களின் அடியில் என் கோடு மட்டும் தனியாக நின்றது உனக்கு நினைவிருக்கும். இந்தத் தடவை பார்.

இப்படிக்கு,
உன் அப்பா  |
உன் அம்மா  ||