குழந்தை எந்த வீட்டுக் கணக்கில்?

பிப்ரவரி 24, 2021, புதன்

மகள் கெர்ரி வீடியோவில் சம்பந்தி டோரீன் வீட்டுச் சுவரைக் காட்டினாள். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று ஒதுக்கிய அறை. தொட்டிலுக்கு மேலே கண்ணாடி போட்ட வம்ச மரம். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையெல்லாம் தேடிப் பார்த்து டோரீனே வரைந்தது. உச்சியில் அவளுடைய கொள்ளுத்தாத்தா, பருத்தி ஆலை மேஸ்திரி. பக்கத்தில் கொள்ளுப்பாட்டி ஐடா. பெண் பிறந்தால் ஐடா என்றே பெயராம்.

"உன் பக்கத்துக்கும் இடம் விட்டிருக்காங்கம்மா."

விட்டிருக்கிறாள். ஓரத்தில், ஒரு விரற்கடை. மாப்பிள்ளைக்கு வேலை போனதிலிருந்து என் மகள் சம்பந்தி வீட்டில்தான் இருக்கிறாள். எனக்கு இருப்பது ஒரே படுக்கையறை. நான் என்ன செய்ய?

மார்ச் 3

ஊரடங்கில் நூலகம் மூடிக் கிடக்கிறது. உறுப்பினர் எண் இருந்தால் வீட்டிலிருந்தே பழைய கணக்கெடுப்பைப் பார்க்கலாமாம். பார்த்தேன். இந்த பர்ன்லி ஊருக்குள்ளேயே எங்கள் ஆட்கள் தெருவுக்குத் தெரு மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மேஸ்திரி ஒருவர்கூட இல்லை. டோரீனிடம் மூச்சு விடமாட்டேன்.

மார்ச் 9

கிடைத்துவிட்டாள்! 1911. என் கொள்ளுப்பாட்டி செலினா. விதவை, ஆலையில் நான்கு தறி ஓட்டியவள். படிவத்தை அவளே தன் கையால் நிரப்பியிருக்கிறாள். ஐந்து பிள்ளைகளின் பெயர். மூத்த இரண்டு பெண்கள் மேல் மட்டும் சிவப்பு மையில் கோடு. யாரோ குமாஸ்தா அடித்தது. ஏன்? அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அடுத்த தெருவில் அவள் மாமியாரின் படிவத்தில் அதே இரண்டு பெயர்கள். 'பேத்திகள்.' இவள் வீட்டில் படுக்க இடமில்லை, அங்கே போய்த் தூங்கியிருக்கிறார்கள். கணக்கெடுக்கும் இரவில் யார் எங்கே தூங்குகிறார்களோ அங்கேதான் பெயர். இவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். என் பிள்ளைகள் என் தாளில் இருக்கட்டும் என்று.

நல்லா செஞ்சே, செலினா.

மார்ச் 13

ஐடா நேற்றுப் பிறந்தாள். இன்று வீட்டுக்கு வந்தாகிவிட்டது. முதலில் கையில் வாங்கியது டோரீன்.

மார்ச் 16

இந்த வருஷக் கணக்கெடுப்புக் கடிதம் வந்திருக்கிறது. ஞாயிறு, 21. கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். அப்புறம் நூறு வருஷம் பூட்டி வைப்பார்கள். 2121-இல் ஐடாவின் பேரப்பிள்ளை திறந்து பார்த்தால்? டோரீன் வீட்டில் நிறைந்த குடும்பம். என் வீட்டில் ஓர் ஆள். யாரோ கிழவி.

ஞாயிறு இரவு இங்கே தங்கினால், விருந்தாளி என்றாவது எழுதலாம். போன் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை குழந்தையத் தூக்கிட்டு இங்க வந்து படேன். நான் சோபாவுல படுத்துக்கறேன். உங்க அத்தைக்கும் ஒருநாள் ரெஸ்ட்டு."

"என்னம்மா, திடீர்னு அத்தை மேல பாசம்?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

சிரித்தாள். வருகிறேன் என்றாள்.

மார்ச் 20

படுக்கை விரிப்பெல்லாம் துவைத்தாயிற்று.

மார்ச் 21, ஞாயிறு

வரவில்லை.

"எடை ஏறலைம்மா. நாளைக்குக் காலைல நர்ஸ் இங்க வந்து பாக்கறாங்க. இன்னிக்கு அலைக்கழிக்க வேணாங்கறாங்க அத்தை."

அத்தை வேணாங்கறாங்களாம். அவ யாரு, வேணும் வேணாம்னு சொல்ல? — குழந்தைக்கு எடை ஏறவில்லை, எனக்கு என் படிவம்தான் பெரிதாகப் போய்விட்டது. என்ன ஜென்மம் நான்? தெரிகிறது. தெரிந்தும் வயிறு எரிகிறது.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். இந்த வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்?

மூன்று. நான், கெர்ரி, ஐடா. மாப்பிள்ளையை டோரீனே வைத்துக்கொள்ளட்டும்.

அனுப்பிவிட்டேன். நன்றி என்று வந்தது.

மார்ச் 24, புதன்

ஐடாவுக்கு எடை ஏறத் தொடங்கியிருக்கிறது. காலையில் கெர்ரி போன் செய்தாள். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, யார்கிட்டயும் சொல்லிடாத. கணக்கெடுப்பு ஃபார்ம்ல அத்தை உன் பேரையும் போட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி நீ இங்க வந்து தங்கினேன்னு."

"எதுக்கு?"

"பின்னாடி யாராவது தேடினா, ரெண்டு பாட்டியும் ஐடாவோட ஒரே பக்கத்துல கிடைக்கணுமாம். 'சம்பந்தி பாவம், தனியா ஒரு பக்கத்துல எதுக்கு?'ன்னாங்க."

நான் என்ன எழுதினேன் என்று கெர்ரியிடம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

பொய் எழுதுவதில்கூட டோரீன் என்னை முந்திவிட்டாள்.