விளக்குக்கு வந்த எண்ணெய்

ஐப்பசி 5, வியாழன்.

முனிசிபாலிட்டியின் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தை மேசைமேல் விரித்துவைத்து, பொதுஜனங்கள் வந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்களென்று ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். இன்றுதான் ஒருத்தி வந்தாள், ஊர் ஓரத்து ஜெலுத்தோங் பகுதியில் பால் விற்பவள். கையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்.

"எங்க சந்துல ஒரே இருட்டுண்ணே. நீங்க விளக்கு போடுங்க, எண்ணெய் எங்க உபயம்."

கோயில் காரியம்போல் நினைத்துவிட்டாள். சிரித்துவிட்டேன். ஆங்கிலத்தில் மனு தரவேண்டும், நாளைதான் கடைசி நாள் என்றேன். அவள் முகம் சுருங்கியது.

"அப்ப நீங்களே வச்சுக்குங்கண்ணே." போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த எண்ணெயில்தான் இப்போது என் அறை விளக்கு எரிகிறது. அவளுக்காக மனுவை எழுதிவிட்டேன். அடியில் பெயர் போடவேண்டும். வாரம் முழுவதும் என்னைத் தேடி வந்த ஒரே ஆள். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.