மழைக்கு முன்னால் வந்துவிடு

மார்ச் 9

வாலுவின் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதோ என்னவோ. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

இரண்டு வருடமாக வானம் ஏமாற்றுகிறது. அணையில் தண்ணீர் தரைதட்டிவிட்டது. மூழ்கிய பழைய ஊர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில் பள்ளிக்கூடத்துச் சுவர், பிறகு நாம் குடியிருந்த தெரு. நேற்று இடுகாடும் தெரிந்தது. சேறு காயும்வரை பொறுக்க முடியாமல் இறங்கிப் போனேன். நம் மகளின் கல் சாயாமல் நிற்கிறது. பாசியைத் துடைத்தேன். நல்ல பேர் இருக்கும்போது செல்லப் பேரையா வெட்டச் சொல்கிறீர்கள் என்று கல் வெட்டியவர் சலித்துக்கொண்டாரே, அந்த 'வாலு' அப்படியே இருக்கிறது.

ஒரு முறை வந்து பார். என்னோடு பேச வேண்டாம். அணை வாசலில் காவல்காரரிடம் சொன்னால் வழி காட்டுவார். மழைக்கு முன்னால் வந்துவிடு.

வாலுவின் அப்பா


மார்ச் 20

ஷட்டர் ஆபரேட்டருக்கு,

கடிதம் கிடைத்தது. நான் வரப்போவதில்லை.

ஐந்து வயதில் காய்ச்சலில் போன பிள்ளையை ஒரு முறை மண்ணுக்குக் கொடுத்தேன். அடுத்த வருடமே அணையைக் கட்டி முடித்து, தண்ணீருக்கும் கொடுக்கச் சொன்னார்கள். "ஷட்டரை நீங்க இறக்காதீங்க, வேற யாராவது இறக்கட்டும்" என்று உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "வேலைன்னா வேலைதான்" என்றீர்கள். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கியவள்தான்.

இங்கே ஆஸ்பத்திரித் தையல் பிரிவில்தான் இன்னும் இருக்கிறேன். உங்கள் அணைத் தண்ணீர்தான் இந்த நகரத்துக்கும். குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. துணி துவைக்கத் தண்ணீர் இல்லாமல் ஆபரேஷன்களைத் தள்ளிப்போடுகிறார்கள். நேற்று ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். எல்லோரும் மழையைக் கேட்டு வானத்தைப் பார்க்கிறார்கள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு மட்டும் கேட்க வாய் வரவில்லை. இந்தப் பாவத்தையும் என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 6

வாலுவின் அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் உன்னைக் கேட்காமல் செய்ய முடியாது.

இடுகாட்டில் சொந்தம் உள்ளவர்கள் தோண்டி எடுத்து மேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எங்கள் பொறியாளர் அம்மா அனுமதி தந்திருக்கிறார். சிலர் மாற்றிவிட்டார்கள். நானும் மண்வெட்டியோடு போனேன். கை எழவில்லை. அவளை மாற்றவா, விடவா? நீ சொல்வதுதான்.

சாயங்காலத்தில் மேற்கே மேகம் கட்டுகிறது, பிறகு கலைந்துவிடுகிறது. எத்தனை நாள் கலையும் என்று தெரியவில்லை.

வாலுவின் அப்பா


ஏப்ரல் 12

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நான் பார்க்கும் முன் அந்த மண்ணில் கை வைக்காதீர்கள். எனக்குச் சாப்பாடு கீப்பாடு எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம். கொண்டுவருவேன்.


ஏப்ரல் 23

வாலுவின் அம்மாவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? நனைந்த புடவையோடு பஸ் ஏறினாய். காய்ச்சல் வந்துவிடப் போகிறது.

அன்று உன்னைக் கல்லின் பக்கத்தில் விட்டுவிட்டு நான் மேலே ஓட வேண்டியதாயிற்று. மலையில் பெருமழை, ஆற்றில் வெள்ளம் இறங்குகிறது, உடனே ஷட்டரை மூடு என்று போன். அதற்குள் இங்கேயும் தூறல். வண்டல் போவதற்காகத் திறந்து வைத்திருந்த ஷட்டர் அது. மூடினால் தண்ணீர் முதலில் ஏறுவது இடுகாட்டில்தான். ஷட்டர் அறையில் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். போன் மறுபடி மறுபடி அடித்தது. உன்னைத் தேடிக் கீழே ஓடலாம் என்று திரும்பினால் கதவில் நீ நிற்கிறாய், தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட.

"இறக்குங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாய்.

"அவளை மாத்தலையே?"

"இறக்குங்கன்னா இறக்குங்க."

ஏன் மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தாய் என அன்றைக்குக் கேட்கத் துணிச்சல் இல்லை.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் கல்லைத் தொட்டது. சத்தமே இல்லாமல் மெதுவாக ஏறியது. மறையும்வரை கரையில் நின்றேன். அம்மா ஊருக்குப் போயிட்டாடா என்று அவளிடம் சொன்னேன்.

வாலுவின் அப்பா


மே 2

வாலுவின் அப்பாவுக்கு,

காய்ச்சல் ஒன்றும் இல்லை. தும்மல்தான்.

கேட்டிருந்தீர்கள். நீங்கள் மேலே போனதும் மண்வெட்டியை எடுத்தேன். மாற்றிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். முதல் வெட்டு விழுவதற்குள் பெரிய பெரிய துளியாக மழை பிடித்துக்கொண்டது. கரை மேல் ஜனங்கள் போட்ட கூச்சலைக் கேட்டீர்களா? யாரோ குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினார்கள். காய்ந்து வெடித்த தரை தண்ணீரைக் குடிக்கும் சத்தம் எனக்குக் காலடியில் கேட்டது. என்னையும் அறியாமல் அண்ணாந்து வாயைத் திறந்து நின்றேன். இத்தனை நாளாக மழை வேண்டாம் என்றிருந்தவள், குடித்தேன். அழவில்லை. சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் அவளைத் தோண்டி எடுப்பது, நன்றாகத் தூங்கும் பிள்ளையை உலுக்கி எழுப்புவது போல இருந்தது. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மண்ணைத் தட்டிச் சரிசெய்தேன். எங்கே போனாலும் பக்கத்தில் படுக்கவிடாமல் உதைப்பாளே, அந்த இடத்தில் தனியாக நன்றாகப் படுத்திருக்கட்டும்.

நேற்று ஆஸ்பத்திரிக் குழாய்களில் தண்ணீர் வந்தது. தையல் இயந்திரங்களை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம். இது எங்கிருந்து வரும் தண்ணீர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. முகம் கழுவிக்கொண்டேன்.

உங்களுக்கு விடுப்பு கிடைக்குமா? இங்கே எனக்கு ஓர் அறைதான். ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது. வரும்போது குடை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கமும் விடாமல் பெய்கிறது.

வாலுவின் அம்மா