264-ஐ 265 ஆக்கினேன்

21 நவ., வெள்ளி

காலையிலிருந்து தூறல். அம்மா மண்டபம் ரோடு சேறு. கல்யாண வீடியோ எடுக்கும் எங்கள் ஸ்டுடியோவில் ரெண்டு தடவை கரண்ட் கட். ரெண்டு தடவையும் ரெண்டர் முதலிலிருந்து.

தில்லைநகரில் புதுக் கிளை. பொறுப்பு எனக்கா தினேஷுக்கா, ஞாயிறு கல்யாணம் முடிந்ததும் சொல்கிறாராம் முதலாளி. நான் இ.சி.இ. அவன் பி.காம்., ரெண்டு அரியர். பிட்ரேட் என்னன்னு கேட்டால் சிரிப்பான். வீடியோவை ஃபைலாக வெளியே எடுக்க நான் செட்டிங் போட்டு வைத்த எக்ஸ்போர்ட் பிரீசெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவான். நல்ல பெயர் அவனுக்கு.

ஞாயிறு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்தார். "அந்த தினேஷைக் கூப்பிடுங்கோ. நம்மாத்துப் பிள்ளை மாதிரி பேசறான்." எதிரிலேயே உட்கார்ந்திருக்கேன், மாமி.

22, சனி

வெயில். வாங்க: பென் டிரைவ், கார்டு ரீடர், தலைவலி மாத்திரை.

பிரீசெட்டில் வீடியோவைச் சுருக்கும் முறையை மாற்றி, H.264-ஐ H.265 ஆக்கினேன். பெயரை மாற்றவில்லை. ஃபைல் பாதியாகும், குவாலிட்டி குறையாது. தப்பே இல்லை. கல்யாண மண்டபத்துப் பழைய லேப்டாப்பில் மட்டும் படம் ஓடாது. போன மாசம் நானே பார்த்தது.

23, ஞாயிறு

காலையில் மாலை மாற்றல், ஊஞ்சல். அந்த வீடியோவையே வெட்டித் தொகுத்து, சாயங்காலம் ரிசப்ஷனில் பெரிய திரையில் போடணும். வெட்டியது, எக்ஸ்போர்ட் எல்லாம் தினேஷ். அவன் கிளம்பினதும் அதே வீடியோவை 264-ல் ஒரு காப்பி எடுத்தேன். சட்டைப்பையில்.

7.10. திரை கறுப்பு. நாதஸ்வரம் மட்டும். யாரோ: "ரேடியோ கல்யாணம், ஓய்!" தினேஷ் தவிக்கட்டும் என்று ஐஸ்கிரீம் வரிசையில் நின்றேன்.

தவிக்கவில்லை. மைக்கை வாங்கினான். "படம் வர்ற வரைக்கும் நீங்களே சொல்லுங்க. மாமா, ஊஞ்சல்ல அழுதது யாரு?"

பெண்ணின் அப்பா: "அழலைடா, ஹோமப் புகை!"

"ஊஞ்சல்கிட்ட ஏது மாமா ஹோமம்?"

மண்டபமே கைதட்டல். நான் போய் பென் டிரைவைச் சொருகிப் படத்தை ஓட்டினால், மாமி: "செத்த நிறுத்துங்கோ, இவர் சொல்லி முடிக்கட்டும்."

முதலாளி: "இது எப்படி உன் பையில ரெடியா இருந்துச்சு?"

"பேக்கப், சார்."

என் சட்டைப்பையை ஒரு தட்டு தட்டினார். "தில்லைநகரை தினேஷ் பார்த்துக்கட்டும்."

24, திங்கள்

மேகமூட்டம். தினேஷ் மைசூர்பாக் பெட்டியோடு வந்தான். "நேத்து நீங்க இல்லன்னா செத்தேண்ணா. அங்கயும் உங்க பிரீசெட்டையே போட்டுக் கொடுங்க. நான் எதையும் மாத்த மாட்டேன், சத்தியமா."

நல்ல நெய். அதுவும் எரிச்சல்.

போட்டுக் கொடுத்தேன். 264.