மாமியார் நாக்கில் தூசி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், முழங்காலைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நானும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறோம் என்று சொன்னாலும் என் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. கால் வீங்குகிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று இதே யோசனை. பிரசவத்துக்கு அங்கே வர இருந்த உன் மாமியார் ஏன் திடீரென்று டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னார், அப்புறம் ஏன் வருகிறேன் என்றார் என்று போனில் கேட்டாயே, உன் அப்பா பக்கத்திலேயே நின்றதால் வாயைத் திறக்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் நீ விட்டுப்போன செடிகளால் வந்த வினை. உன் அப்பாவுக்கு ஓய்வு பெற்றதிலிருந்து அதுகள்தான் உலகம், விடிந்ததும் ஈரத்துணியோடு கிளம்பிவிடுகிறார். இலைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து மேலே மெதுவாகத் துடைக்கிற அழகைப் பார்த்தால், என் முதுகை ஒருநாள் இப்படிப் பிடித்துவிட்டிருப்பாரா என்று எரிச்சலாக வரும். கூடத்து மூலையில் கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்குமே, அதற்கு மாமியார் நாக்கு என்று பெயர் என நர்சரிக்காரர் சொன்னாலும் சொன்னார், இவருக்குத் தலைகால் புரியவில்லை. நாளாக நாளாக நாக்கு உதிர்ந்து வெறும் மாமியார் ஆகிவிட்டது. அச்சகத்தில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை வேறு, இவர் செடியிடம் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

அன்றைக்கு உன் மாமியார், உனக்கு என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று கேட்க வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. இவர் கூடத்திலிருந்து, "மாமியாருக்கு நாக்கு ரொம்ப நீண்டுபோச்சுடி, அழுக்கு வேற" என்கிறார். நான் அடுப்படியிலிருந்து, "நுனிய வெட்டி விடுங்க" என்கிறேன். "வெட்டுனா அசிங்கமா இருக்கும்" என்றார். "அப்ப வெளிய தள்ளுங்க, இடத்த அடைச்சிக்கிட்டு" என்றேன். "பாவம், வெயில்ல கருகிடும். குளியலறையில போட்டுக் கதவ சாத்திடறேன். தண்ணி மட்டும் நிறைய காட்டாத, அழுகி நாறிடும்" என்றார். நான் வந்து பார்க்கும்போது உன் மாமியார் தெருமுனை தாண்டிவிட்டார், ஒரு செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இந்த முழங்காலோடு விமானத்தில் உட்காரவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், உன் மாமியாரும் வராவிட்டால் பிரசவ நேரத்தில் உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்து அழுதேன். உன் அப்பா, இதோ நான் புரியவைக்கிறேன் என்று ஒரு கையில் செருப்பு, மறு கையில் தொட்டியோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "சம்பந்தியம்மா, மாமியார்னு சொன்னது உங்கள இல்ல, இவங்களத்தான்! இதுதான் நாக்கு, நல்லாப் பாருங்க!" என்று கத்த, அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்ததாம்.

அவரும் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். பார்த்தால் இலையெல்லாம் பளபளவென்று பிசுபிசுக்கிறது. இந்த மனுஷன் எனக்குத் தெரியாமல் என் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைப் பூசியிருக்கிறார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "இலைக்கு எண்ணெ தடவுவாங்களா? அது மூச்சு விட வேணாமா? தூசி இன்னும்ல ஒட்டும்! எத்தன வருஷமாச்சு பொறந்து?" என்று தொடங்கி, தொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய் சோப்புத் தண்ணீரில் ஒவ்வொரு இலையாகக் கழுவித் துடைத்து முடிக்கிறவரை வாய் ஓயவில்லையாம். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. "நல்லா கிழிச்சிட்டாங்கடி! இனிமே கோவம் இல்ல, டிக்கெட் போட்டுடுவாங்க" என்றார், அப்படியே நடந்தது. தொட்டியை மட்டும் திருப்பித் தரவில்லை. போகும்போது தன் வீட்டுச் செடிகளையும் இவர் பொறுப்பில் விட்டுப் போகிறார். எதற்கும் பெயர் சொல்ல வேண்டாம் என்று இவர் காதைப் பொத்திக்கொண்டார்.

கடிதத்தை உன் மாமியார் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை, ஒட்டினால் அதற்கொரு கோபம் வரும். எப்படியும் வழியிலேயே படித்துவிடுவார், படிக்கட்டும். நீ மாடிப்படி ஏறி இறங்காதே, வலி எடுத்தால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதே, உடனே மாமியாரை எழுப்பு. குழந்தையைப் போனில் காட்டும்போது அப்பாவைப் பேசவிடாதே, அது பயந்துவிடும். தாயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

சம்பந்தியம்மா, இந்த இடம் உங்களுக்கு. குழந்தையை முதலில் கையில் வாங்கப்போவது நான் இல்லையே என்று எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. வாங்கியதும் உடனே யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், எனக்காகவும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.

அன்புடன்,
அம்மா