ஆம்பூரில் காய்ந்த பிரெஞ்சு இலைகள்

அக். 5, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். சர்ச்சுக்குக் குடையோடு போய்க் குடையோடு வந்தேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மனசெல்லாம் பெட்டிக்குள் இருக்கிற இலைகள் மேல்.

பெட்டி கொடுத்தது காட்பாடியில் புதிதாகக் கஃபே திறந்திருக்கிற மேடம். பெங்களூர்க்காரி. என் மகள் ஜென்சியோடு சென்னையில் படிக்கிற தோழிக்கு அக்கா. எங்கம்மா பொடி நல்லா செய்வாங்க என்று ஜென்சி சொல்லிவைத்தாளாம். கோழிக்கும் உருளைக்கிழங்குக்கும் தூவ ஒரு பிரெஞ்சு மூலிகைப் பொடி வேண்டுமாம். கடையில் வாங்குவது வைக்கோல் மாதிரி இருக்கிறதாம். என் சாம்பிள் பிடித்துப்போனால் மாதாமாதம் என்னிடமே வாங்குவாள்.

இது நடந்தால் ஷூ கம்பெனிக்கு ஒரு பெரிய கும்பிடு. மிஷினில் குனிந்து குனிந்து தைத்ததில் கழுத்து இடது பக்கம் திரும்புவதே இல்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்புகிறேன், லாரி மாதிரி. போதும்டா சாமி.

வேண்டியவை:
தைம், ரோஸ்மேரி, ஆரிகானோ – பெட்டியிலேயே இருக்கிறது. ஊட்டிச் சரக்கு.
பேசில் – நம் திருநீற்றுப்பச்சிலைதான். பக்கத்து வீட்டு பர்வீன் அக்கா தொட்டியில் காடாக வளர்ந்து கிடக்கிறது.
மார்ஜோரம் – ?
சேவரி – ??
லாவெண்டர் – ஒரு சிட்டிகை. மேடமே ஒரு பொட்டலம் கொடுத்தாள். பாத்ரூம் வாசனை. பிரெஞ்சுக்காரனுக்கு என்ன பேஜாரோ.

ஜென்சி மார்ஜோரம் படம் அனுப்பினாள். அட, மரு! பூக்காரி கதம்பத்தில் வைத்துக் கட்டுவாளே, அதேதான். நாம் தலையில் வைப்பதை அவன் கோழித் தொடையில் தூவுகிறான்.

அக். 7, செவ்வாய்

மழை விடவில்லை. மொட்டை மாடியில் காயவைக்கிற கதை முடிந்தது.

இவரைச் சேவரி வாங்க அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் காராசேவ் பொட்டலத்தோடு வந்தார். பேக்கரியில் ஸ்வீட்ஸ் அண்ட் சேவரீஸ் என்று போர்டு வைத்திருக்கிறானாம், கேட்டால் எடுத்துக் கொடுத்தானாம், இவர் மேல் என்ன தப்பாம். திட்டிக்கொண்டே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. மேடத்துக்கு போன் போட்டேன். அது ஒரு செடியாம். கிடைக்காவிட்டால் விடுங்கக்கா, தைமைக் கொஞ்சம் ஜாஸ்தி போடுங்க என்றாள்.

காயவைக்க இடம் தேடி அலைந்தேன். ஹாலில் ஈரத் துணி. சமையலறையில் ஆவி. கடைசியில் இவருடைய அறை. கம்பெனிகளில் மிஞ்சும் துண்டுத் தோலை வாங்கி மூட்டை மூட்டையாக அங்கேதான் போட்டுவைக்கிறார், பெல்ட் செய்கிறவர்களுக்கு விற்க. வெயில் வராது, ஃபேன் இருக்கிறது. வெயில் பட்டால் இலை நிறம் போய்விடும் என்று மேடம் வேறு சொல்லியிருக்கிறாள். கொடி கட்டி எல்லா இலைக்கட்டுகளையும் தலைகீழாகத் தொங்கவிட்டேன். பார்க்கவே அழகு.

கழுத்துக்குத் தைலம். தூக்கம் இல்லை.

அக். 10, வெள்ளி

வெயில் லேசாக. இலை எல்லாம் மொறுமொறு. தைம் காம்பைத் தலைகீழாகப் பிடித்து உருவினால் இலை மட்டும் பொலபொலவென்று கொட்டுகிறது. என்ன சுகம் அந்த வேலை! ரோஸ்மேரி ஊசி மாதிரி குத்துகிறது. மிக்ஸியில் போடக் கூடாது, கையால் நொறுக்க வேண்டும்.

கலந்தது: தைம் மூன்று பங்கு. ரோஸ்மேரி, மரு, ஆரிகானோ தலா இரண்டு. பச்சிலை ஒன்று. லாவெண்டர் மட்டும், பிடிக்காத மருமகளுக்குப் போடுகிற குழம்பு அளவு.

இவரை மோந்து பார்க்கச் சொன்னேன். சூப்பர் என்றார். பர்வீன் அக்கா கண்ணை மூடிக்கொண்டு மோந்து, “மஸ்தா கீது” என்றார். எனக்கும் அப்படித்தான். கை எல்லாம் மணக்கிறது. சோறு பிசையவே மனசு வரவில்லை.

இன்று கம்பெனியில்: தையல் கோணல் என்று சூப்பர்வைசர் அத்தனை பெண்கள் முன்னாலும் கத்தினான். என் பிள்ளை வயசு. வாய் சும்மா இருக்கவில்லை. இன்னும் ஒரு மாசம்தான் சார், அப்புறம் நீங்களே உக்காந்து தைச்சிக்குங்க என்றேன். லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். வெகு நாளுக்குப் பிறகு.

அக். 12, ஞாயிறு

காட்பாடி பஸ்ஸில் பொடி சீசாவை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். நல்ல புடவை.

மேடம் மூடியைத் திறந்தாள். நிறத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. மூக்கருகே கொண்டு போனாள். சிரிப்பு அப்படியே நின்றது. மறுபடி மோந்தாள். உள்ளே சமைக்கிற பையனைக் கூப்பிட்டு நீட்டினாள். அவன் யோசிக்கவே இல்லை. ஷூ கடை மாதிரி இருக்கு மேடம் என்றான்.

எங்கே காயவைத்தீங்க என்று கேட்டாள். வீட்டில் என்றேன். வீட்டில் லெதர் இருக்கா என்றாள். சீசாவைப் பிடுங்காத குறையாக வாங்கி மூச்சை இழுத்தேன். தைம். மரு. ரோஸ்மேரி. வேறு எதுவுமே இல்லை. இல்லையே மேடம், நல்லாதானே இருக்கு என்றேன்.

“உங்களுக்குத் தெரியாதுக்கா,” என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். பிறகு என்னை உட்காரவைத்து கேக் கொடுத்தாள், ஆஸ்பத்திரியில் துக்கம் சொன்ன பிறகு தண்ணீர் கொடுப்பார்களே அப்படி. சாப்பிடுகிற பொருள் என்பதால் ரிஸ்க் எடுக்க முடியாதாம். சீசாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மேஜை மேல் அவள் கைப்பை. அசல் தோல். கம்பெனிக்குச் சரக்கு வாங்க வருகிற பிரெஞ்சு பையர் ஷூவை எடுத்ததும் முதலில் மூக்கில்தான் வைப்பான். கண்ணை மூடி அப்படி ஒரு சிரிப்பு சிரிப்பான். ஷூவில் இருந்தால் வாசனை. எங்கள் கையில் இருந்தால் நாற்றம்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. ஒருத்தி வந்தாள், பார்த்தாள், பின்னால் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் சீட்டுக்காகவும் இருக்கலாம்.

அக். 13, திங்கள்

புழுக்கம். இவர் சீசாவை நாலு தரம் மோந்தார். ஒன்றும் இல்லையே, அந்தப் பொண்ணுக்குத்தான் மூக்கு நீளம் என்றார். பர்வீன் அக்கா மோந்தார். அவர் மருமகள் மோந்தாள். தெருவே கூடி மோந்தாலும் எங்களில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை.

எனக்கு வெறி. மூட்டைகளை எல்லாம் தெருவில் தூக்கிப் போடுகிறேன் என்று கத்தினேன். அவர் குரலே உயர்த்தவில்லை.

“இந்த மூட்டதான்டி ஜென்சிய படிக்க வெக்கிது.”

மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கம்பெனி. சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, இன்னாக்கா, மாசம் முடியப் போவுதா என்றான். குனிந்துகொண்டேன். அந்தப் பொடியை மத்தியானம் குப்பையில் கொட்டலாம் என்று எடுத்துப் போனேன். கை வரவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

அக். 15, புதன்

மழை. ஜென்சி போன் பண்ணினாள். தோழி சொல்லியிருக்கிறாள். அம்மா, நீ மனசுல வெச்சிக்காத என்று ஆரம்பித்தாள். நான் நேராகக் கேட்டேன்.

“நம்ம வீட்ல நாத்தம் அடிக்குதாடி?”

சொல்லு என்றேன்.

“ஊர்லர்ந்து வந்தா பேக்க ரூமுக்குள்ள எடுத்துனு போக மாட்டேம்மா. மொதல்ல எல்லாத்தயும் ஊற வெச்சிடுவேன்.”

நான் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புகிற துணி. அதையுமா என்றேன். அதையும்தான். முதல் வருஷத்திலிருந்தே. ஏன்டி சொல்லவில்லை என்றேன். சொன்னால் வீட்டையா மாற்றப் போகிறாய் என்றாள். அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழவில்லை. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். பெற்ற பிள்ளையிடம் அவமானம்.

போனை வைக்கப் போனவளை நிறுத்தி, நான் கொடுத்தனுப்புகிற பருப்புப் பொடி என்னடி ஆகுது என்று கேட்டேன்.

“நான் சாப்பிடுவேம்மா,” என்றாள்.

நான் சாப்பிடுவேன். மற்றவர்களைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தீபாவளி லீவுக்கு வெள்ளிக்கிழமை வருகிறாளாம். அலமாரியிலிருந்து அவள் போர்வையை எடுத்து முகத்தில் வைத்து, முடிந்த மட்டும் மூச்சை இழுத்தேன். சோப்பு வாசனை. வேறு ஒன்றுமே தெரியவில்லை.