தலையாட்டிக்கொண்டே போன மச்சானுக்கு

அன்பு மச்சான் குமரா,

அன்பு என்று எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். செத்தவனைத் திட்டக் கூடாதாம். எதிரே நீ இருந்தால் செவுளிலேயே ஒன்று விட்டிருப்பேன்.

நம் ‘கட்டைவிரல்’ கேமின் மூன்றாம் பாகம் எப்போது வரும் என்று ஊர் ஊராகக் கேட்கிறார்கள். பழைய டிவி வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமாகப் படம், தாளத்துக்குச் சரியாகக் கட்டைவிரலால் தட்ட வேண்டும், தப்பினால் அவுட். கள்ளக்குறிச்சியில் செல்போன் கடை மாடியில் நீ தாளம் போட்டாய், நான் படம் போட்டேன். நம் கம்பெனி அவ்வளவுதான். இப்போது முன்பின் தெரியாதவனெல்லாம் ‘தாளத்துக்காகவே வாழ்ந்த கலைஞன்’ என்று உன் போட்டோவைப் போட்டு உருகுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்ன கலைஞன்? அறிவுகெட்டவன்!

உன் வழக்கம் எனக்குத் தெரியாதா? எந்தத் தாளத்தையும் இரைச்சலுக்கு நடுவே கேட்டுப் பார்ப்பாய். தலை தானாக ஆடினால் கேமில் சேர்ப்பாய், ஆடாவிட்டால் தூக்கிப் போடுவாய். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து ஆட்டினாயே, யாராவது வேண்டாம் என்றோமா? அன்றைக்குக் கச்சிராயபாளையத்தில் என்னோடு டீ குடித்துவிட்டு, இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு வெள்ளிமலைக்குப் பைக்கை எடுத்தாய்.

"மலை ரோட்ல இன்னாத்துக்குடா இந்த எழவு? கழட்டு" என்றேன்.

"நீ போ மச்சான். மூணாவது பாகத்துக்குத் தாளம் மாட்டிக்கிச்சி" என்று சிரித்தாய். சொன்னால் கேட்கிற ஜென்மமா நீ?

உனக்குப் பின்னால் வந்த பஸ் டிரைவர் என்ன ஆனார் தெரியுமா? நீ விழுந்த இடத்திலேயே அவரைப் போட்டு அடித்தார்கள். அஜாக்கிரதையாக ஓட்டி ஆளைக் கொன்றார் என்று கேஸ். வேலையும் போய்விட்டது. போன வாரம் கோர்ட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வளைவுக்கு முன்னாடியே ஆரன் அடிச்சிக்கினே வந்தேன் தம்பி. உங்க மச்சான் தலைய ஆட்டுனாரு. சரி, போன்னு சொல்றாருன்னு சைடு வாங்கி முந்தப் போனேன். ஒதுங்காம குறுக்க வந்துட்டாரு. தலைய ஆட்டிட்டு ஏன் தம்பி அப்பிடி வந்தாரு?"

நீ தலையாட்டியது அவருக்கு இல்லை, காதுக்குள் ஓடிய தாளத்துக்கு. அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். இயர்போன் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ, போலீஸ் கையில் அது சிக்கவில்லை.

சொல்லிவிடலாம் என்றால் வீட்டில் உன் தங்கச்சி இருக்கிறாள். எனக்குப் பெண்டாட்டி என்பதைவிட உனக்குத் தங்கச்சி என்பதுதான் செல்விக்கு இன்று பெரிதாக இருக்கிறது.

"செத்தவன் மேலயே பழி போடப் போறீங்களா? எங்கண்ணனே போய் வுழுந்தான்னு கோர்ட்ல சொன்னீங்கன்னா, அப்புறம் இந்த வூட்ல நான் இருக்க மாட்டேன்" என்கிறாள். சொல்லிவிட்டு அழுகிறாள். அவளையும் குற்றம் சொல்ல முடியவில்லை. நீதான் எங்கள் இரண்டு பேரையும் இப்படி நிறுத்தி வைத்துவிட்டுப் போனாய். இதற்கு நான் உன்னை மன்னிக்க வேண்டுமா? எதற்கு?

உயிரோடு இருந்தபோது முடியாத வேலையை எல்லாம் என் தலையில் கட்டினாய். போகும்போதும் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாய், பாவி.

வருகிற திங்கட்கிழமை டிரைவருக்குச் சாட்சி சொல்லப் போகிறேன். நேற்று செல்வியிடம் சொன்னேன். காலையில் பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, சின்னசேலத்துக்கு உன் அம்மாவிடம் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருந்தாலும் சொல்வேன். அந்த மனுஷன் மேல் தப்பில்லை, என் மச்சான் காதை அடைத்துக்கொண்டு போனான், என் கண்ணால் பார்த்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். இது சத்தியம். நீ செத்த நாளிலிருந்து உன் மேல் இருக்கிற கோபத்தில் நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை, குமரா. கூண்டிலிருந்து இறங்கி வந்து அழுகிறேன்.

உன் தங்கச்சி புருஷன்,
முருகவேல்